மூன்று பெட்டி முருங்கைக்காய்

அனுசுயா திருச்சி விமான நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்து இருபத்து மூன்று மாதம் ஆகியிருந்தது. ஒப்பந்தம் இரண்டு வருடம். அது முடிய இன்னும் முப்பத்து நாலு நாள் பாக்கி இருந்தபோதுதான் மூக்கன் வந்து சேர்ந்தார்.

அவள் விமான கம்பெனியின் ஆள் அல்ல. விமான கம்பெனிகளுக்கு ஆள் அனுப்பும் ஒரு கான்ட்ராக்ட் நிறுவனத்தின் ஆள். கழுத்தில் கட்டும் ஸ்கார்ஃப் விமான கம்பெனியுடையது. கழுத்து கான்ட்ராக்ட் நிறுவனத்துடையது என்று உடன் வேலை செய்யும் பெண்கள் சொல்லிச் சிரிப்பார்கள். சேரும்போதே பத்தாம் வகுப்பிலிருந்து பட்டம் வரைக்கும் எல்லா ஒரிஜினல் சான்றிதழையும் வாங்கிச் சென்னை அலுவலகத்தில் பூட்டி வைத்துக்கொண்டார்கள். இரண்டு வருடம் முடிந்தால் திரும்பக் கிடைக்கும். நடுவில் ஒரு மெமோ வாங்கினால் ஒப்பந்தம் மூன்று மாதம் நீளும். இன்னொன்று வாங்கினால் இன்னொரு மூன்று மாதம். ஏழு வருடமாக இரண்டு வருட ஒப்பந்தத்தில் இருக்கிற ஒருத்தி அங்கே இருந்தாள்.

அனுசுயா இதுவரை மெமோ வாங்கியதில்லை. குடித்துவிட்டு வந்து கத்துகிறவர்களிடமும் சிரித்தாள். முப்பது கிலோ பெட்டியோடு இருபத்தைந்துதான் இருக்கும் என்று சத்தியம் செய்தவர்களிடமும் சிரித்தாள். அப்படிச் சிரித்ததற்குக் காரணம் இருந்தது. ஒரு கூட்டுறவு வங்கியில் எழுத்தர் வேலைக்குப் பரீட்சை எழுதித் தேறியிருந்தாள். ஜூலை ஒன்பதாம் தேதி கண்டோன்மெண்டில் சான்றிதழ் சரிபார்ப்பு. ஜூன் முப்பதாம் தேதி ஒரிஜினல் கைக்கு வந்துவிட்டால் ஒன்பது நாள் கையிருப்பு. ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டில் மாவரைத்து விற்கும் அவள் அம்மா வெள்ளையம்மாள், அந்தத் தேதியை காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருந்தாள்.

அன்று மே மாதம் இருபத்தேழு. அக்னி நட்சத்திரம் முடியும் தறுவாயிலும் அந்த வருடம் வெயில் தணிய மறுத்தது. மத்தியானம் இரண்டே முக்காலுக்கு ஷார்ஜா விமானம். ஒன்றேகாலுக்கு டியூட்டி மேனேஜர் சித்தார்த்தனின் குரல் வாக்கி டாக்கியில் வந்தது.

"அனு, வெயில் நாப்பத்திரெண்டு காட்டுது. இந்தச் சூட்டுல முழு லோடு தூக்க முடியாதுன்னு கேப்டன் சொல்லிட்டாரு. ஒம்பது பேரக் குறைக்கணும். இப்ப வரைக்கும் போர்டிங் பாஸ் வாங்காதவங்க யாரோ அவங்கதான்."

"கார்கோவ இறக்கலாமே சார்?"

"காய்கறி ஏத்தியாச்சு. அதத் தொடக் கூடாதுன்னு மேலேர்ந்து உத்தரவு. கேட்டா ஆபரேஷனல் ரீசன்னு மட்டும் சொல்லுங்க."

கவுண்டரில் வரிசையாக நின்றது சரியாக ஒன்பது பேர். காந்தி மார்க்கெட்டிலிருந்து வந்த முருங்கைக்காயும் வாழைக்காயும் விமானத்தின் வயிற்றில் ஏறி உட்கார்ந்திருந்தன. இந்த ஒன்பது பேர் கீழே நின்றார்கள். அனுசுயா சொல்லவேண்டியதைச் சொன்னாள். நாளை இதே விமானத்தில் அனுப்புவோம், ஓட்டல் உண்டு, சாப்பாடு உண்டு. சத்தம் எழுந்தது. ரோஷன் பேகம் என்கிற அம்மாள், மகளுக்கு இன்று அங்கே பிரசவம் என்றும், பிரசவ அறையில் அவளோடு நிற்க ஒரு நாதியில்லை என்றும் சொல்லி அழுதாள். ஒருவர் சட்டம் பேசினார். ஒருவர் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

கடைசியில் நின்ற மூக்கன் மட்டும் எதுவும் பேசவில்லை. ஐம்பது வயது தாண்டியவர். வெயிலில் காய்ந்த முகம். ஒரு பிளாஸ்டிக் கவரிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்து கவுண்டர் மேல் விரித்து வைத்தார்.

"அம்மாடி, இதப் பாரு. அங்கேர்ந்து வந்து ஆறு மாசம் இன்னியோட முடியுது. இன்னிக்கு ராத்திரிக்குள்ள நான் அங்க கால வைக்கணும். வைக்கலன்னா விசா செத்துப்போயிரும்."

அவர் சொன்னது உண்மை. ஷார்ஜாவில் பதினாறு வருடமாகக் கம்பி கட்டுகிறவர். குடலிறக்க ஆபரேஷனுக்காக ஊருக்கு வந்து, புண் ஆறாமல் படுத்து, மாதக்கணக்கில் தள்ளிப்போய், டாக்டர் விட்ட அன்றைக்குத்தான் கிளம்பியிருக்கிறார். தொட்டியத்திலிருந்து ஏறிய பஸ் முசிறியில் பஞ்சராகி முக்கால் மணி நேரம் நின்றிருக்கிறது. அந்த முக்கால் மணி நேரம்தான் அவரை வரிசையின் கடைசிக்குக் கொண்டுவந்து விட்டது.

அனுசுயா சித்தார்த்தனைப் போனில் கூப்பிட்டாள்.

"ஒருத்தருக்கு மட்டும் சார். இன்னிக்கு விட்டா அவருக்கு வேலையே போயிடும்."

"ஒருத்தருக்குன்னு ஆரம்பிச்சா ஒம்பது பேருக்கும் ஒரு கதை இருக்கும்மா. இன்னும் ஒரு மாசம் உங்களுக்கு. பேசாம முடிச்சுட்டுப் போங்க." போனை வைத்துவிட்டார்.

அவள் கவுண்டரைச் சுற்றி வெளியே வந்து மூக்கனிடம் முடியாது என்று சொன்னாள். அவர் ஒரு கணம் அவளையே பார்த்தார். பிறகு, வயிற்றைப் பிடித்துக்கொண்டே குனிந்து, அத்தனை பேர் பார்க்க அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டு அழத் தொடங்கிவிட்டார்.

அனுசுயாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டடி பின்னால் போனாள். கூட்டத்துக்கு அப்பால் துப்பாக்கியோடு நின்ற பாதுகாப்புப் படைக்காரர் இந்தப் பக்கம் நடந்து வருவது தெரிந்தது. கலாட்டா செய்தவர் என்று அவர் ஒரு பேப்பர் எழுதிவிட்டால் இன்றைக்கு மட்டுமல்ல, எந்த நாளும் மூக்கன் விமானம் ஏறமுடியாது. அவரை உடனே எழுப்பி நிறுத்த வேண்டும், அது ஒன்றுதான் அவள் நினைப்பில் இருந்தது.

"எந்திரிங்க!" என்று கத்தினாள். "எந்திரிச்சு ஓரமா நில்லுங்க. இங்க அழுதா ஃப்ளைட்ல இடம் வந்துருமா?"

அவர் எழுந்து ஓரமாகப் போய் நின்றார். படைக்காரர் பாதி வழியிலேயே திரும்பிக்கொண்டார். பின்னால் நின்ற யாரோ ஒரு பயணி கைபேசியை உயர்த்திப் பிடித்திருந்ததை அவள் கவனிக்கவில்லை.

ஓய்வறைக்குப் போவதுபோல் உள்ளே போய், ஆரிஃபைப் போனில் கூப்பிட்டாள். ஆரிஃப் விமானத்தின் அடியில் நின்று எது எவ்வளவு எடை ஏறுகிறது என்று கணக்கெழுதுகிறவன். உறையூர்க்காரன். அவளைவிட இரண்டு வயது சின்னவன். போன மாதம்தான் கல்யாணம் முடிந்திருந்தது.

"ஆரிஃப், ஒரு ஆளு, ஒரு பெட்டி. தொண்ணூறு கிலோ. ஏதாவது வழி இருக்கா?"

பின்னால் எஞ்சின் இரைச்சல் கேட்டது.

"முருங்கைக்காய் பெட்டி மூணு இறக்குனா சரியா வரும் அக்கா. ஆனா காரணம் இல்லாம இறக்க முடியாது. பெட்டி நனைஞ்சிருந்தா இறக்கலாம்."

"நனைஞ்சிருக்கா?"

"என் கையில வாட்டர் பாட்டில் இருக்கு," என்றான் ஆரிஃப்.

"உனக்கு ஒண்ணும் ஆயிடாதே?"

"வெளிய தெரிஞ்சா என் ஏர்போர்ட் பாஸப் புடுங்கிடுவாங்க. தெரியாம பாத்துக்கங்க."

ஒன்பது பேரில் ஒருவரை எடுத்துக்கொண்டு எட்டுப் பேரை விடுவது என்ன நியாயம் என்று யோசிக்க நேரமில்லை. ரோஷன் பேகத்தின் பக்கம் முகத்தைத் திருப்பாமல் நடந்தாள். மூக்கனை கடைசிக் கவுண்டருக்கு வரச்சொல்லி, அவர் பெட்டியைத் தானே தூக்கி பெல்ட்டில் போட்டு, டேக் ஒட்டி, போர்டிங் பாஸைக் கையில் திணித்தாள். என்ன நடக்கிறது என்று அவருக்குப் புரியவில்லை. ஏதோ ஒரு அறையில் கொண்டுபோய் உட்காரவைக்கப் போகிறாள் என்று நினைத்தாரோ என்னவோ, "உன் அப்பனா இருந்தா இப்புடி நிறுத்துவியா?" என்று சொல்லிக்கொண்டேதான் வந்தார்.

"பேசாதீங்க. திரும்பிப் பாக்காம நேரா போங்க. ஓடுங்க."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவர் ஓடினார். இரண்டு ஐம்பதுக்கு விமானம் கிளம்பியது. மிச்ச எட்டுப் பேரை அவள் ஓட்டல் வேனில் ஏற்றிவிட்டாள்.

சாயங்காலம் டவுன் பஸ்ஸில் ஸ்ரீரங்கம் திரும்பினாள். சீருடை மேல் ஒரு சால்வையைப் போர்த்தியிருந்தாள். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் கூட்டம் அடைத்துக்கொண்டு ஏறியது. காவிரிப் பாலத்தில் வண்டி ஊர்ந்து, பிறகு நின்றேவிட்டது. முன் இருக்கையில் இருந்த பெண்மணியின் கைபேசியிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"எந்திரிங்க! எந்திரிச்சு ஓரமா நில்லுங்க. இங்க அழுதா ஃப்ளைட்ல இடம் வந்துருமா?"

தன் குரல் என்று தெரிய ஒரு கணம் ஆயிற்று. இத்தனை கொடூரமாகவா கத்தினோம் என்று நினைத்தாள். அந்தப் பெண்மணி பக்கத்திலிருந்தவளுக்குக் காட்டினாள்.

"பாருங்க, அப்பன் வயசு மனுசன் கால்ல விழறாரு. எப்புடித் தள்ளிப் போறா பாருங்க மகராசி. இவள எல்லாம் வேலைய விட்டுத் தொரத்தணும்."

"மூஞ்சியப் பாத்தா நல்ல குடும்பத்துப் பொண்ணு மாதிரிதான் இருக்கா."

இறங்கிப்போக வழியில்லை. முன்னும் பின்னும் ஆட்கள். ஜன்னலுக்கு வெளியே பாலத்தின் கைப்பிடிச் சுவர், அதற்குக் கீழே தண்ணீர் இல்லாத மணல். அனுசுயா சால்வையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, கம்பியைப் பிடித்திருந்த கையில் நெற்றியை வைத்துக்கொண்டாள். அந்த வீடியோ நாற்பது வினாடிதான். அந்தப் பெண்மணி அதை நான்கு தடவை போட்டுப் பார்த்தாள்.

வீட்டில் அம்மாவும் பார்த்திருந்தாள். மாவு வாங்க வந்த நாலு பேர் காட்டிவிட்டுப் போயிருந்தார்கள். கிரைண்டரை அணைத்துவிட்டு ஈரக்கையோடு வந்து எதிரில் நின்றாள்.

"ஏண்டி, அந்தாளு போனாரா இல்லையா?"

அனுசுயாவுக்கு வாய் வரைக்கும் வந்தது. போனார் அம்மா, நான்தான் ஏற்றிவிட்டேன். ஆனால் வெள்ளையம்மாளைப் பற்றி அவளுக்குத் தெரியும். மகளுக்கு ஒரு சொல் என்றால் தாங்கமாட்டாள். நாளைக்குக் காலையில் மாவு வாங்க வருகிற ஒவ்வொருத்தரையும் நிறுத்திவைத்துச் சொல்லுவாள். மூன்றாம் நாள் அது விமான நிலையத்துக்கு வரும். நான்காம் நாள் ஆரிஃப் வேலை போய் வீட்டில் இருப்பான்.

"தெரியலம்மா."

"தெரியலன்னா?"

"தெரியலம்மா, விடு."

வெள்ளையம்மாள் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு திரும்பிப் போய் கிரைண்டரைப் போட்டாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது அனுசுயாவுக்கு.

மறுநாள் காலை சித்தார்த்தன் தன் அறைக்கு அழைத்தார். மேசை மேல் இரண்டு காகிதங்கள். ஒன்று மெமோ. இன்னொன்று அவள் பெயரில் ஏற்கெனவே அடித்துத் தயாராக வைத்திருந்த மன்னிப்புக் கடிதம். பயணி ஒருவரிடம் என் சொந்தக் கோபத்தால் மரியாதைக் குறைவாக நடந்துகொண்டேன், நிறுவனத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று இருந்தது.

அவள் படித்துவிட்டு நிமிர்ந்தாள். "அவர் போயிட்டாரு சார். லிஸ்ட்டப் பாருங்க. அத மட்டும் கம்பெனி வெளிய சொன்னா போதும்."

"பாத்துட்டேன்." சித்தார்த்தன் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். "ஒம்பது பேரு நிக்கணும். எட்டுப் பேருதான் நின்னிருக்காங்க. மூணு பெட்டி நனைஞ்சிருந்துச்சு, இறக்குனேன்னு ஆரிஃப் எழுதியிருக்கான். நாப்பத்திரெண்டு டிகிரி வெயில்ல பெட்டி நனைஞ்சிருக்கு."

அனுசுயா கடிதத்தை மேசை மேல் திரும்ப வைத்தாள்.

"நான் ஒண்ணும் கேக்கல. பெட்டி நனைஞ்சிருந்துச்சுன்னு நான் நம்பறேன். நீங்களும் நம்புங்க. ஆனா அவர் போயிட்டாருன்னு வெளிய சொன்னா, மிச்ச எட்டுப் பேரு நாங்க ஏன் போகலன்னு கேப்பாங்க. இடம் எப்படி வந்துச்சுன்னு கேப்பாங்க. அப்ப பெட்டி வரும். பெட்டி வந்தா, ஆளுங்கள இறக்கிட்டு முருங்கைக்காய அனுப்புனீங்களான்னு கேப்பாங்க. அதுக்கு, மேல இருக்கறவங்க பதில் சொல்ல மாட்டாங்க. ஆரிஃபத்தான் காட்டுவாங்க."

"அப்ப எனக்கு?"

"உங்களுக்கு மூணு மாசம். அவனுக்கு வேலையே போகும், போலீஸ் வரைக்கும் போகும். நீங்களே பாத்துக்கங்க."

"ஜூலை ஒம்பது எனக்கு வெரிஃபிகேஷன் சார். உங்களுக்குத் தெரியும்."

சித்தார்த்தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தெரியும்மா. என்னோட சர்ட்டிஃபிகேட் அஞ்சு வருஷம் அங்கதான் இருந்துச்சு. கையில வந்தப்ப எனக்கு வயசு தாண்டிப் போச்சு." பேனாவை அவள் பக்கம் நகர்த்தினார். கெட்டவர் என்று அவரைச் சொல்லிவிட முடியவில்லை. அதுதான் அவளுக்கு ஆற்றாமையாக இருந்தது. எதிரில் ஒரு கெட்டவன் இருந்தால் கத்தியாவது தீர்த்திருக்கலாம்.

இரண்டு காகிதத்திலும் கையெழுத்துப் போட்டாள்.

வெளியே வந்தபோது நேற்று நின்றுபோன எட்டுப் பேரும் கவுண்டரில் இருந்தார்கள். ரோஷன் பேகம் சிரித்த முகமாக இருந்தாள். பேரன் பிறந்துவிட்டான், பக்கத்து ஃபிளாட் பெண் கூட இருந்து பார்த்துக்கொண்டாள் என்று சொன்னாள். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "நேத்து ஒம்பது பேரு இருந்தோமேம்மா. அழுதாரே, அந்த அண்ணன் எங்க?" என்று கேட்டாள்.

"வேற வழியா அனுப்பிட்டோம்மா."

"அப்படியா? அல்லாவே, நல்லாயிருக்கட்டும்," என்றவள், அனுசுயாவின் முகத்தைக் கூர்ந்து பார்த்துவிட்டு மேற்கொண்டு கேட்காமல் பாஸ்போர்ட்டை நீட்டினாள்.

ஆரிஃப் இரண்டு நாள் அவள் கண்ணிலேயே படவில்லை. மூன்றாம் நாள் கேண்டீனில் எதிரில் வந்து உட்கார்ந்தான். "நான் போயி சொல்லிடறேன் அக்கா. தண்ணி ஊத்துனது நான்தானே," என்றான். டீயைக் குடிக்காமல் கிளாஸை உருட்டிக்கொண்டே இருந்தான்.

"சொன்னா ரெண்டு பேரும் போவோம். வாய மூடிக்கிட்டு டீயக் குடி," என்றாள் அவள்.

ஒரு வாரத்தில் வீடியோவின் வேகம் அடங்கியது. ஆனாலும் தினமும் அதன் கீழே வந்து விழும் வசவுகளைப் படிக்காமல் அவளால் இருக்க முடியவில்லை. பஸ்ஸில், சாப்பாட்டு நேரத்தில், குளிக்கப் போகுமுன் என்று திறந்து பார்ப்பாள். ஆயிரக்கணக்கில் இருந்தன. அப்படி ஒருநாள் படித்துக்கொண்டு வரும்போது ஒரு வரியில் கண் நின்றது. 'இவரு எங்க மாமாதான். அன்னிக்கே போய்ச் சேந்துட்டாரு. தெரியாம பேசாதீங்க. அந்தப் பொண்ணுதான் பிளைட்டுல ஏத்தி விட்டுச்சு.' கீழே ஜெயக்குமார் என்று பெயர்.

முதலில் அவளுக்கு மூச்சு லேசானது. உலகத்தில் ஒரு ஆளுக்குத் தெரிந்திருக்கிறது. பிறகுதான் அடுத்த வரியைப் பார்த்தாள். அந்த வரிக்குக் கீழே யாரோ ஒருவர், 'அப்படியா, எப்படி ஏத்தினாங்க?' என்று கேட்டிருந்தார். அவர் பெயருக்குப் பக்கத்தில் செய்தியாளர் என்று இருந்தது.

உடனே ஜெயக்குமாருக்குத் தன் போன் நம்பரோடு தகவல் அனுப்பினாள். பத்து நிமிடத்தில் அவனே கூப்பிட்டான்.

"தொட்டியத்துலேர்ந்து ஜெயக்குமார் பேசுறேங்க. மூக்கன் மருமகன்."

"அண்ணே, நீங்க எழுதியிருக்கறத அழிச்சிடுங்கண்ணே."

"ஏங்க? ஊரே உங்களக் கண்டபடி திட்டுது. எங்களுக்கு மனசு கேக்கல. மாமா போன்ல அழுவுறாரு. திட்டிக்கிட்டேதான் போனேன், உள்ள போயி உக்காந்தப்பறந்தான் அந்தப் புள்ள ஏத்திவிட்டுருக்குன்னே வெளங்குச்சுன்னு சொல்றாரு."

"வேலை இருக்கா அவருக்கு?"

"இருக்குங்க. மறுநாளே சைட்டுக்குப் போயிட்டாரு. கனம் தூக்க வேணாம்னு லேசான வேலையாப் பாத்துப் போட்டுருக்காங்களாம்."

அனுசுயா போனைத் தள்ளிப் பிடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஹலோ? இருக்கீங்களா?"

"இருக்கேண்ணே. அத அழிச்சிடுங்க. அந்த ரிப்போர்ட்டர் கூப்பிட்டா தெரியாம எழுதிட்டேன்னு சொல்லிடுங்க. அது இருந்தா இன்னொருத்தர் வேலை போயிடும்."

"நல்லது செஞ்சதச் சொன்னா வேலை போயிடுமா?"

"ஆமாண்ணே."

அவன் நம்பமுடியாமல் "ம்" என்றான். "அப்ப உங்க பேரு இப்புடியேதான் கெடக்குமா?" என்று கேட்டான். அவள் போனை வைத்துவிட்டுத் திறந்து பார்த்தபோது அந்த வரி இல்லை. மற்றவையெல்லாம் அப்படியே இருந்தன.

ஜூலை ஒன்பதாம் தேதி லீவு போட்டுவிட்டு கண்டோன்மெண்டுக்குப் போனாள். சென்னை அலுவலகத்துக்கு ஏழு தடவை போன் செய்து, ஒரே ஒரு நாளைக்கு ஒரிஜினலைக் கொடுங்கள், வேண்டுமானால் உங்கள் ஆளே கொண்டுவந்து காட்டிவிட்டு எடுத்துப்போகட்டும் என்று கெஞ்சிப் பார்த்திருந்தாள். வழக்கமில்லை என்று ஏழு தடவையும் சொல்லிவிட்டார்கள். ஜெராக்ஸ் மட்டும் கொண்டுபோனாள். மேசையில் இருந்த அதிகாரி வயதானவர், நிதானமாகப் பேசுகிறவர். ஒவ்வொரு தாளாகப் புரட்டினார்.

"மார்க்கெல்லாம் நல்லா இருக்கே. ஒரிஜினல் எங்கம்மா?"

"வேலை பாக்கற இடத்துல வச்சிருக்காங்க சார். செப்டம்பர் கடைசியில கிடைச்சிடும்."

அவர் அவளைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு உள்ளே போனார். கால் மணி நேரம் உள்ளே யாரோடோ பேசும் சத்தம் கேட்டது. அவளுக்காகத்தான் பேசுகிறார் என்பது தொனியிலேயே தெரிந்தது. திரும்பி வந்தபோது அவர் அவள் கண்ணைப் பார்க்கவில்லை.

"சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் டைம் இருக்கும்மா. அதுக்குள்ள வந்தா நான் எடுத்துக்கறேன். இல்லன்னா அடுத்த ஆளக் கூப்புட்டுருவாங்க."

அஞ்சு மணிக்குள் எதுவும் வராது என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஏன் உட்கார்ந்தோம் என்று பிறகு யோசித்துப் பார்த்தபோதும் விளங்கவில்லை. மத்தியானம் ஆரிஃப் போன் செய்தான்; எடுக்கவில்லை. அஞ்சு மணிக்கு அந்த அதிகாரி பையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். அவளைப் பார்த்து நின்றார். தலையை ஆட்டிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் வெள்ளையம்மாள், "என்னடி ஆச்சு?" என்றாள்.

"செப்டம்பர் முடியட்டும். வேற பரீட்சை வரும்மா."

"செப்டம்பர்ல குடுத்துருவானுங்களா?"

அனுசுயா உள்ளே போனாள். மறுநாள் காலை ஆறு மணிக்கு ஷிஃப்ட். சீருடையை விரித்து இஸ்திரிப் பெட்டியைச் சூடு பண்ணினாள். அடுப்படியிலிருந்து அம்மா, "சாப்புட்டுட்டு செய்யேன்டி," என்றாள். "இதோ வரேன்," என்று சொல்லிவிட்டு காலரைத் தேய்க்கத் தொடங்கினாள்.